வருகைக்குக் காத்திருத்தலும் வதந்திக்கு விரைதலும்



மார்கழி பிறப்பதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னதாகவே கத்தோலிக்கக் கோயில்களில் ஒரு தனிக் காலம் தொடங்கிவிடுகிறது. அதற்குத் திருவருகைக் காலம் என்று பெயர். எங்கள் வீட்டு முதியவர்கள் அதனை ஆகமன காலம் என்று சொல்லுவார்கள். கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு முந்திய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை உள்ளடக்கிய காலம் அது. நவம்பர் 27ஆம் நாள் முதல் டிசம்பர் 3ஆம் நாள் வரையில் எந்த நாள் ஞாயிறாக அமைகிறதோ அன்று தொடங்கி, டிசம்பர் 24ஆம் நாள் மாலையில் முடிவடையும். ஆதலின் அதன் நீளம் ஆண்டுக்கு ஆண்டு வேறுபடும். அந்நாட்களில் குருவானவர் ஊதா நிற உடை அணிந்து திருப்பலி நிறைவேற்றுவார். ஞாயிறு வழிபாட்டில் வழக்கமாகப் பாடப்படும் 'உன்னதங்களிலே' என்னும் புகழ்ப்பாடல் நிறுத்தி வைக்கப்படும். பசுந்தழை வளையம் ஒன்றில் நான்கு மெழுகுவர்த்திகளை நிறுத்தி, வாரத்துக்கு ஒன்றாக ஏற்றுவார்கள். நான்கையும் ஒரே நாளில் ஏற்றிவிட எவராலும் முடியும், ஆயினும் ஏற்றுவதில்லை. காத்திருக்கப் பழகுவதே அக்காலத்தின் நோக்கம்.

அதே டிசம்பர் மாதத்தில்தான் பேர்பெற்றவர்களைப் பற்றிய செய்திகளும் நம் வீடுகளில் பெருகுகின்றன. எந்த நடிகருக்கு இவ்வாண்டு ஏற்றம், எவருக்கு இறக்கம், யாருக்குத் திருமணம், யாருக்கு மணமுறிவு, யார் நோயுற்றார், யார் மதம் மாறினார் என்று பத்திரிகையும் தொலைக்காட்சியும் கைபேசியும் போட்டியிட்டுக்கொண்டு சொல்லுகின்றன. ஒன்று, காத்திரு என்கிறது. மற்றொன்று, இப்பொழுதே தெரிந்துகொள், இப்பொழுதே பிறருக்கும் சொல் என்கிறது. இவ்விரண்டு குரல்களும் ஒரே உள்ளத்தில் எவ்வாறு குடியிருக்க முடியும்? பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணி செய்த ஒரு கத்தோலிக்கன் என்ற முறையில் இக்கேள்வியை உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன். விடை கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதன்று. வாயும் செவியும் உள்ள அனைவர்க்கும் உரியது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். பேர்பெற்றவர்மீது அன்பு கொள்ளுதல் குற்றமன்று. பல ஆண்டுகளாக ஒருவருடைய குரலைக் கேட்டு, முகத்தைத் திரையில் கண்டு பழகிய மக்கள், அவருக்குத் துன்பம் என்றால் கலங்கத்தான் செய்வார்கள். தமிழ்நாடு இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு ஒன்றைக் கண்டிருக்கிறது. 1984ஆம் ஆண்டு அக்டோபரில் அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். நோயுற்றார். நவம்பரில் மேல்சிகிச்சைக்காக அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். அவர் நலம்பெற வேண்டுமென்று தமிழ்நாடெங்கும் கோயில்களிலும் மசூதிகளிலும் தேவாலயங்களிலும் மக்கள் வேண்டிக்கொண்டனர். திருவருகைக் காலத்தின் கடைசி நாளாகிய டிசம்பர் 24 அன்று சட்டமன்றத் தேர்தல் நடைபெற்றது. கடல் கடந்து படுக்கையில் இருந்தபடியே அவர் ஆண்டிப்பட்டித் தொகுதியில் வென்றார். சரியாக மூன்று ஆண்டுகள் கழித்து, 1987ஆம் ஆண்டு அதே டிசம்பர் 24 அன்று, அவர் காலமானார். அன்று கிறிஸ்து பிறப்பின் முன்னாள். நள்ளிரவுத் திருப்பலிக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த இல்லங்களிலும் துயரம் புகுந்தது. துயரம் தாங்காமல் தம் உயிரையே மாய்த்துக்கொண்டவர்களும் இருந்தார்கள் என்பதை எண்ணும்போது இன்றும் மனம் வருந்துகிறது.

நோயுற்றவருக்காக வேண்டுதல் நல்லது. அவர் பேர்பெற்றவர் என்பதனால் அவ்வேண்டுதல் மதிப்புக் குறைந்துவிடாது. ஆனால் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. முகம் அறிந்த தலைவருக்காக உருகிய அதே உள்ளம், அதே நாளில் அரசினர் மருத்துவமனையில் பெயர் தெரியாமல் கிடந்த ஒரு கூலியாளுக்காக உருகியதா? உருகியிருந்தால், தலைவர்மீது கொண்ட அன்பு அந்த உள்ளத்தை அகலமாக்கியது எனலாம். உருகவில்லையெனில், அன்புக்கும் ஆரவாரத்துக்கும் உள்ள வேறுபாட்டை நாம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

இனி, காத்திருக்க இயலாமையின் கேட்டைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லுகிறேன். 2016ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் முதலமைச்சர் ஜெயலலிதா சென்னையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். எழுபது நாட்களுக்கு மேலாக ஊரெங்கும் ஊகங்கள் உலவின. டிசம்பர் 5ஆம் நாள், திருவருகைக் காலத்தின் இரண்டாம் வாரத் திங்கட்கிழமை மாலையில், அவர் காலமாகிவிட்டார் என்று சில தொலைக்காட்சி நிலையங்கள் அறிவித்துவிட்டன. கட்சித் தலைமையகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறக்கப்பட்டது. சிகிச்சை நடைபெற்றுக்கொண்டிருக்கிறது என்று மருத்துவமனை மறுத்தவுடன், இறக்கிய கொடி மீண்டும் ஏற்றப்பட்டது. அன்றிரவு 11.30 மணிக்கு அவர் காலமானார் என்ற முறையான அறிவிப்பு நள்ளிரவுக்குப் பின்னர் வெளிவந்தது. இடைப்பட்ட சில மணி நேரத்தில் ஒரு மாநிலம் முழுவதும் அழுது, ஐயுற்று, மீண்டும் நம்பி, மீண்டும் அழுதது. சில மணி நேரம் பொறுத்திருந்தால் எவருக்கு என்ன குறைந்திருக்கும்? முந்திச் சொன்னோம் என்ற பெருமை ஒன்று குறைந்திருக்கும், அவ்வளவே.

அவசர நம்பிக்கையை எள்ளி நகையாடிய கதை ஒன்று நம் மொழியில் உண்டு. அதனை எழுதியவர், அரியலூர் மாவட்டத்தில் திருமானூரை அடுத்துள்ள ஏலாக்குறிச்சியில் நெடுங்காலம் தொண்டாற்றிய வீரமாமுனிவர். 1680ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்த கான்ஸ்டண்டைன் ஜோசப் பெஸ்கி என்னும் அத்துறவி, தமிழகத்துக்கு வந்து, தமிழைக் கற்று, தமிழராகவே வாழ்ந்து, 1747ஆம் ஆண்டு மறைந்தார். ஏலாக்குறிச்சிக்கு அவர் இட்ட பெயர் திருக்காவலூர். அங்குள்ள அடைக்கல மாதாவைப் போற்றித் திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். பரமார்த்த குரு கதையும் அவருடையதே. அதில் வரும் சீடர்கள் பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி விலை கொடுத்து வாங்குகிறார்கள். வழியில் அது விழுந்து உடைய, அருகில் புதரிலிருந்து ஒரு முயல் ஓட, அதுவே முட்டையிலிருந்து வெளிப்பட்ட குதிரைக்குட்டி என்று எண்ணித் துரத்துகிறார்கள். குழந்தைகள் இதைக் கேட்டுச் சிரிக்கின்றனர். ஆயினும் நண்பர்களே, ஒரு நடிகையின் பழைய படத்தையும் யாரோ எழுதிய நான்கு வரிகளையும் கைபேசியில் கண்டு, அவர் இன்ன மதத்தைத் தழுவிவிட்டார் என்று நாற்பது பேருக்கு அனுப்புகிறவன் வாங்கியது என்ன? குதிரை முட்டைதான். அதை மறுத்து மற்றொருவன் எழுத, அவனோடு சண்டையிடுகிறவன் செய்வது என்ன? முயலைத் துரத்துவதுதான்.

இவ்விடத்தில், கத்தோலிக்க மறைக்கல்வி நூல் இக்குற்றங்களை எவ்வாறு வகுத்துக் காட்டுகிறது என்பதை விளக்குவது பயனுடையது. 1992ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட அந்நூல், பத்துக் கட்டளைகளுள் பொய்ச்சான்று சொல்லாமை பற்றிய பகுதியில், பிறருடைய நற்பெயருக்கு எதிரான குற்றங்கள் மூன்றினை எடுத்துரைக்கிறது. முதலாவது, அவசரத் தீர்ப்பு. போதிய ஆதாரமின்றி ஒருவர் குற்றம் செய்தார் என்று உள்ளத்துக்குள்ளே நம்புவது இது. வாய் திறக்காமலே இக்குற்றம் நிகழ்ந்துவிடும். இரண்டாவது, குறை பரப்புதல். ஒருவரிடம் உண்மையாகவே உள்ள குறையை, தக்க காரணமின்றி, அறியாதவர்களுக்கு அறிவிப்பது இது. மூன்றாவது, அவதூறு. பொய்யைச் சொல்லி ஒருவருடைய பெயரைக் கெடுப்பது இது.

மாணவர்கள் மூன்றாவதைக் குற்றமென்று உடனே ஒப்புக்கொள்வார்கள். இரண்டாவதைக் கேட்டவுடன்தான் வியப்படைவார்கள். "ஐயா, உண்மையைத்தானே சொன்னேன்?" என்று என்னிடம் கேட்ட மாணவர் பலர். உண்மை என்பது மட்டும் போதாது. அதைச் சொல்லுதற்கு ஒரு காரணமும், கேட்பவருக்கு அதை அறியும் உரிமையும் வேண்டும். அமைச்சர் ஒருவர் பொதுப் பணத்தை எவ்வாறு செலவிட்டார் என்பதை அறிய மக்களுக்கு உரிமை உண்டு. அதைத் தேடி வெளியிடும் பத்திரிகையாளர் நற்பணி செய்கிறார். நடிகர் ஒருவருடைய இல்லத்தில் கணவனும் மனைவியும் ஏன் பிணங்கினர் என்பதை அறிய நமக்கு என்ன உரிமை உண்டு? திருவள்ளுவரும் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரமும், பயனில சொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் அடுத்தடுத்து வைத்தார். வீரமாமுனிவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவர். ஆதலின் இவ்விரு அதிகாரங்களும் அவர் கைப்பட ஐரோப்பிய மொழிக்குச் சென்றன. அறம் சொல்லும் நூல்கள் ஊர் வேறு, மொழி வேறாயினும் இவ்வகையில் ஒத்துப் பேசுகின்றன.

"நடிகரைப் பற்றிப் பேசுவதால் அவருக்கு என்ன நட்டம்? அவர் நம்மை அறியவே மாட்டாரே!" என்று சிலர் சொல்லுவர். நட்டம் அவரோடு நின்றுவிடுவதில்லை. தொலைவில் உள்ளவரைப் பற்றிப் பேசிப் பழகிய நாக்கு அருகில் உள்ளவரை விட்டுவைக்காது. நான் பணியாற்றிய பள்ளியொன்றில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று நாள் வரவில்லை. முதல் நாள் மாலைக்குள் அவளைப் பற்றி ஒரு கதை பிறந்துவிட்டது. சினிமாச் செய்தியில் படித்த சொற்களே அக்கதையிலும் இருந்தன. பெயர் மட்டும் மாறியிருந்தது. நான்காம் நாள் உண்மை தெரிந்தது. அவளுடைய தாய் திருச்சி மருத்துவமனையில் இருந்தார். துணைக்கு வேறு ஆள் இல்லாமையால் மகள் உடன் சென்றிருந்தாள். அவள் திரும்பி வந்தாள், தேர்விலும் தேறினாள். ஆனால் முன்போல் வகுப்பில் கையுயர்த்தி விடை சொல்லவில்லை. கதையைத் தொடங்கியவர் யார் என்று கேட்டேன். எல்லோரும் கேட்டவர்களே; சொன்னவர் ஒருவரும் இல்லை. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊர்வாய் என்று தனியாக ஒரு வாய் இருக்கிறதா? நம் வாய்கள் சேர்ந்துதான் அது உண்டாகிறது.

இனித் திருவருகைக் காலத்துக்கு வருவோம். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 18ஆம் நாள் திருப்பலியில் வாசிக்கப்படும் நற்செய்திப் பகுதி, மத்தேயு எழுதிய நூலின் முதல் அதிகாரத்தில் உள்ளது. நாசரேத்தூர்த் தச்சராகிய சூசைக்கு மரியா என்னும் கன்னிகை மண ஒப்பந்தம் ஆகியிருந்தாள். அவர்கள் கூடி வாழ்வதற்கு முன்னரே அவள் கருவுற்றிருப்பது தெரியவந்தது. அக்காலத்து யூத வழக்கத்தில் மண ஒப்பந்தம் என்பது திருமணத்துக்கு ஒப்பான கட்டு. அதை மீறியவளுக்கு மோசேயின் சட்டம் கொடிய தண்டனையை வகுத்திருந்தது. சூசை வாய் திறந்திருந்தால், அன்றைய நாசரேத்துக்கு அதைவிடப் பெரிய செய்தி வேறு கிடைத்திராது. ஊரார் அனைவரும் அவர் பக்கமே நின்றிருப்பார்கள்.

அவர் செய்தது என்ன? மரியாவை ஊரறிய இழிவுபடுத்த அவர் விரும்பவில்லை. ஓசையின்றி விலகிவிடலாம் என்று எண்ணினார். அந்த எண்ணத்தையும் உடனே செயற்படுத்தாமல் மேலும் சிந்தித்துக்கொண்டிருந்தார். அவ்வாறு அவர் தயங்கி நின்ற இரவில்தான் வானதூதர் கனவில் தோன்றி உண்மையை உணர்த்தினார் என்று நற்செய்தி கூறுகிறது. அந்தத் தயக்கத்தை நான் பல ஆண்டுகள் எண்ணிப் பார்த்திருக்கிறேன். சூசையின் கண்ணுக்குத் தெரிந்த செய்தி முற்றிலும் பொய்யன்று. மரியா கருவுற்றிருந்தது உண்மையே. ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் அவர் அறியாத வேறோர் உண்மை இருந்தது. மாலையிலேயே ஊரைக் கூட்டியிருந்தால், இரவில் வந்த விளக்கத்துக்கு இடமே இருந்திராது. அவர் பொறுத்திருந்த அந்தச் சிறு பொழுதினால் ஒரு தாயின் மானமும் உயிரும் ஒரு குழந்தையின் உயிரும் காக்கப்பட்டன. கத்தோலிக்கருக்கு இது நம்பிக்கைச் செய்தி. மற்றவர்களும் இதிலிருந்து ஓர் அறத்தைப் பெறலாம்: நாம் அறிந்தது உண்மையின் ஒரு பாதியாகவே இருக்கக்கூடும், மறுபாதி வந்து சேர நேரம் வேண்டும்.

நான்கு நற்செய்தி நூல்களிலும் சூசை தம் வாயால் பேசியதாக ஒரு சொல்லும் பதிவாகவில்லை. பேசாத அம்மனிதரைத் தலைவராக வைத்துத்தான் வீரமாமுனிவர் தேம்பாவணி என்னும் பெருங்காப்பியத்தை இயற்றினார். வளன் என்று சூசைக்கு அழகிய தமிழ்ப் பெயர் சூட்டி, 36 படலங்களில் 3,615 பாடல்களைப் பாடினார். வேந்தர்களையும் வீரர்களையும் பாடிப் பழகிய தமிழில் ஒரு தச்சர் காப்பியத் தலைவரானார். புகழ் என்பது பேச்சின் அளவைப் பொறுத்தது என்று எண்ணுகிறவர்களுக்கு இதைவிடத் தக்க மறுமொழி வேண்டுவதில்லை.

வீரமாமுனிவரையும் வதந்தி விடவில்லை. அவர் மறைந்து எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1822ஆம் ஆண்டில் முத்துசாமிப் பிள்ளை அவருடைய வரலாற்றைத் தமிழில் எழுதினார். அவ்வரலாற்றின் வழியாகப் பரவிய செய்திகளுள் ஒன்று, முனிவர் சந்தா சாகிபிடம் திவானாக இருந்து அதிகாரம் செலுத்தினார் என்பது. பிற்கால ஆராய்ச்சியாளர்கள் அவர் காலத்துக் கடிதங்களையும் ஆவணங்களையும் நோக்கி, இதற்குத் தக்க சான்று இல்லை என்று கருதுகின்றனர். முனிவரை இகழ்வதற்காக இக்கதையைச் சொன்னவர் எவருமில்லை, பெருமைப்படுத்துவதற்காகவே சொன்னார்கள். எனினும் அது எவ்வளவு வேண்டாத பெருமை! சதுரகராதி தொகுத்தவருக்கு, தொன்னூல் விளக்கம் எழுதியவருக்கு, தேம்பாவணி பாடியவருக்குத் திவான் பதவி எதற்கு? புகழ்மொழியாக வரும் பொய்யும் பொய்யே என்பதை மாணவர்கள் இதிலிருந்து உணர வேண்டும்.

இங்கே என் சமயத்தாரிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பேர்பெற்ற ஒருவர் வேளாங்கண்ணிக்கு வந்து மெழுகுவர்த்தி ஏற்றினார் என்று கேட்டால் நம்மிற் பலருக்குத் தலை நிமிர்கிறது. அவர் நம்மவர் ஆகிவிட்டாரா என்று விசாரிக்கிறோம். வேறு சமயத்தாரும் தத்தம் திருத்தலங்களைக் குறித்து இவ்வாறே செய்கின்றனர். ஒருவர் இறைவனுக்கு முன் முழந்தாளிடுவது அவருக்கும் இறைவனுக்கும் இடையே உள்ள செய்தி. அதனை நம் கூட்டத்தின் வெற்றிக் கணக்கில் எழுதுவது அவருடைய வழிபாட்டையே விளம்பரமாக்கிவிடும். ஒரு நடிகர் நம்புகிறார் என்பதால் கடவுள் உண்மையாகிவிடுவதில்லை. அவர் நம்பிக்கை இழந்தார் என்பதால் கடவுள் இல்லாமலும் போவதில்லை. அத்திருத்தலத்துக்கு அதே நாளில் வெறுங்காலோடு நடந்து வந்த ஆயிரம் பேரைப் பற்றி எந்தச் செய்தியும் வரவில்லை என்பதையும் நினைவில் கொள்வோம்.

புகழை எவ்வளவு மெதுவாகச் சோதிக்க வேண்டும் என்பதற்குத் திருச்சபையிடமே ஒரு முறை உண்டு. ஒருவர் புனிதர் என்று மக்கள் சொல்லத் தொடங்கியவுடன் திருச்சபை அதனை ஏற்றுக்கொள்வதில்லை. இக்காலத்து விதிப்படி, இறந்து ஐந்து ஆண்டுகளேனும் கழிந்த பின்னரே விசாரணை தொடங்கப்பெறும். விலக்களிக்கத் திருத்தந்தைக்கு மட்டுமே அதிகாரம் உண்டு. சாட்சிகள் விசாரிக்கப்படுவர், எழுத்துகள் ஆராயப்படும், நோய் தீர்ந்தது என்றால் மருத்துவர்கள் அதனைச் சோதிப்பார்கள். 1983ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு முன்னர், அப்புகழை மறுத்து வாதிடுவதையே முதன்மைப் பணியாகக் கொண்ட அதிகாரி ஒருவரும் இருந்தார். கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712இல் பிறந்த தேவசகாயம், 1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் தம் நம்பிக்கைக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் நாகர்கோவிலில் அருளாளராக அறிவிக்கப்பட்டது 2012ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள். அன்று திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. புனிதராக அறிவிக்கப்பட்டது 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள். இடையில் 270 ஆண்டுகள் உருண்டோடின. ஒருவரை நல்லவர் என்று சொல்வதற்கு அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவரைத் தீயவர் என்று சொல்வதற்கு நாம் ஐந்து நிமிடமும் எடுத்துக்கொள்வதில்லை.

பெயர் உள்ளவர்மேல் நம் பார்வை நிலைக்கும்போது பெயர் அற்றவர்கள் எவ்வாறு மறைந்துபோகிறார்கள் என்பதற்கு அரியலூரிலேயே ஒரு சான்று உண்டு. 1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவு ரயில், வெள்ளம் பெருகிய மருதையாற்றுப் பாலத்தில் விபத்துக்குள்ளாயிற்று. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். நேர்மைக்கு எடுத்துக்காட்டாக அதனைப் பள்ளிகளில் கற்பிக்கிறோம். நானும் பல ஆண்டுகள் கற்பித்தேன். கற்பிக்க வேண்டியதுதான். ஆனால் வகுப்பில், "இறந்தவர்களில் ஒருவருடைய பெயரேனும் யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டால் அமைதியே விடையாக வரும். அந்த விபத்துக்கு ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 2ஆம் நாள், அவ்வாண்டின் திருவருகைக் காலம் தொடங்கிற்று. வருவார் வருவார் என்று வாசலைப் பார்த்துக் காத்திருந்து, வாராமற் போனவர்களின் வீடுகள் எத்தனையோ அந்த டிசம்பரில் இருந்திருக்கும். புகழ்பெற்றவரின் நற்செயலை நினைக்கும்போது, அச்செயலுக்குக் காரணமாயிருந்த பெயரற்றவர்களையும் உடன் நினைப்பது நம் கடன்.

இவ்வளவும் சொன்னதனால், செய்தியே வேண்டாம், பத்திரிகையைத் தொடாதீர்கள் என்று நான் சொல்லுவதாக எண்ணிவிடாதீர்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றி ஒரு தனி ஆணையையே வெளியிட்டது. அது 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், திருவருகைக் காலத்தின் முதல் வாரத்தில் வெளிவந்தது. செய்தி அறியும் உரிமை மக்களுக்கு உண்டு என்று அது ஒப்புக்கொள்கிறது. செய்தி எப்பொழுதும் உண்மையாகவும், நீதிக்கும் அன்புக்கும் உட்பட்டு முழுமையாகவும் இருக்க வேண்டும் என்றும் வற்புறுத்துகிறது. அன்று அச்சகமும் வானொலி நிலையமும் வைத்திருந்தவர்களை நோக்கிச் சொல்லப்பட்ட அறிவுரை, இன்று கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் பொருந்தும். ஏனெனில் இன்று உங்களில் ஒவ்வொருவரும் ஒரு சிறு செய்தி நிலையம்.

ஆதலின் இந்த டிசம்பரில் நீங்கள் கைக்கொள்ளக்கூடிய ஒரு சிறு பழக்கத்தைச் சொல்லி முடிக்கிறேன். பேர்பெற்ற ஒருவரைப் பற்றியோ பக்கத்து வீட்டாரைப் பற்றியோ ஒரு செய்தி உங்களை வந்தடையும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இது உண்மை என்பதற்கு ஆதாரம் என்ன? உண்மையேயானாலும் இதைப் பிறர் அறிய வேண்டிய காரணம் என்ன? என்னைப் பற்றி இவ்வாறு ஒரு செய்தி வந்தால் எவ்வளவு நேரம் பொறுத்திருக்குமாறு பிறரை வேண்டுவேன்? மூன்றாம் கேள்விக்கு எவ்வளவு நேரம் என்று விடை வருகிறதோ அவ்வளவு நேரம் நீங்களும் பொறுத்திருங்கள். ஓர் இரவேனும் பொறுத்திருங்கள். மறுநாட் காலையில் பெரும்பாலான செய்திகள் தாமே வாடிவிட்டிருக்கும்.

பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் நிலங்களில் இப்போது மக்காச்சோளம் கதிர் பிடித்து நிற்கும் பருவம். மணி முற்றியதா என்று தெரிந்துகொள்ளும் ஆசை உழவருக்கு இல்லாமலில்லை. ஆயினும் ஒவ்வொரு கதிராக உரித்துப் பார்த்துக்கொண்டு அவர் வயலில் திரிவதில்லை. உரித்த கதிரில் மழைநீர் இறங்கும். பறவை வந்து கொத்தும். மேலுறை தானே காய்ந்து வெளுக்கும் வரையில் அவர் காத்திருக்கிறார்; அதுவரை களை எடுக்கிறார், வாய்க்காலைச் சீர்செய்கிறார். திருவருகைக் காலம் கற்பிக்கும் காத்திருத்தலும் அத்தகையதே. பிறரைப் பற்றிய செய்தியை உரித்துப் பார்க்கச் செலவிடும் நேரத்தை, மருத்துவமனையில் துணையின்றிக் கிடப்பவரைப் பார்த்து வரவும், பள்ளிக்கு வாராத தோழியின் வீட்டுக்குச் சென்று நலம் விசாரிக்கவும் நீங்கள் செலவிடலாம். அங்கே உங்களுக்குக் கிடைக்கும் செய்தி உண்மையானதாகவும் இருக்கும். உங்களால் அவர்களுக்கு உதவியாகவும் முடியும்.